கடலைப் பற்றிய கலைப்படைப்பை நூதனசாலைக்குச் செய்விப்பது எப்படி: திருகோணமலைக்கான முழுமையான வழிகாட்டி

ஏற்கனவே வரைந்து முடித்த ஓவியத்தை வாங்கி மாட்டுவது ஒரு வேலை. ஒரு கலைஞரைக் கூப்பிட்டு, "எங்கள் இடத்துக்கு, எங்கள் கடலைப் பற்றிப் புதிதாக ஒன்று செய்து தாருங்கள்" என்று கேட்பது வேறு வேலை. முதலாவதில் பொருளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிறீர்கள். இரண்டாவதில் இன்னும் பிறக்காத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறீர்கள். அதனால் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற ஒழுங்கு இங்கே மிக முக்கியம்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆளைப் பிடித்துவிட்டு இடத்தைத் தேடுகிறார்கள், இடம் கிடைத்த பிறகு பணத்தைத் தேடுகிறார்கள். கீழே உள்ளது அதற்கு நேர் எதிரான வரிசை. கடலுக்கு அடியில் சிற்பம் இறக்குவது தனித் தொழில், அது இந்த வழிகாட்டியில் இல்லை. இது கூரைக்குக் கீழே நிற்கும் படைப்புகளுக்கானது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அழைப்பு வெளியே போகுமுன் ஒரு கோப்பு தயாராக வேண்டும். அறையின் அளவுப்படம், கதவுகளினதும் படிக்கட்டினதும் அகலம், மின்சுற்று எவ்வளவு தாங்கும் என்று மின்பணியாளர் எழுதித் தந்த குறிப்பு, கட்டிடத்துக்குப் பொறுப்பானவரின் எழுத்துமூல ஒப்புதல் ஆகியவை அதில் இருக்கட்டும். பணம் வங்கிக்கு வந்துசேர்ந்திருக்க வேண்டும். "தருகிறோம்" என்று சொன்ன பணத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: ஒரு மாத ஈரப்பதக் கணக்கு. சின்ன ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அறையில் வையுங்கள். காலையிலும் இரவிலும் ஒருவர் பார்த்து எழுதினால் போதும். முடிந்தால் மாரி காலத்தில் எடுங்கள். எந்தப் பொருளில் படைப்பைச் செய்யலாம் என்பதைப் பிறகு இந்தத் தாள்தான் தீர்மானிக்கப் போகிறது.

1. முதலில் இடம்

எந்தச் சுவர், எந்த மூலை, எவ்வளவு உயரம் என்பது கலைஞர் வருமுன் முடிவாக வேண்டும். "எங்காவது வைக்கலாம்" என்று கேட்டுச் செய்வித்த படைப்பு கடைசியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் போய்ச் சேரும். நம் ஊரில் இடம் என்றால் அனுமதியும் சேர்த்துத்தான். கடல்சார் நூதனசாலை இருப்பது டொக்யார்ட் வீதியில், ஒல்லாந்தர் காலக் கட்டிடம் ஒன்றில். பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தின் ஒரு பக்கம் கடற்படை. இப்படியான இடங்களில் உள்ளே வரும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை இலக்கமும் லொறியின் இலக்கமும் முன்கூட்டியே போயிருக்க வேண்டும். கலைஞரின் உதவியாளர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வாசலில் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பழைய கட்டிடம் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டின் சட்டம் அது. பாதுகாக்கப்பட்ட சுவரில் ஒரு துளை போடுவதற்கும் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது வர எடுக்கும் காலத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது. சுவரைத் தொடாமல் தானாக நிற்கும் அமைப்பாகக் கேட்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

2. 'கடல்' என்று மட்டும் கேட்காதீர்கள்

'கடல்' என்று மொட்டையாகத் தலைப்புக் கொடுத்தால் கடற்கன்னியும் கலங்கரை விளக்கமும் சூரிய அஸ்தமனமும் வரும். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை என்பதைக்கூடச் சிலர் யோசிப்பதில்லை.

ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் அடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் தொடங்குகிறது. நீலத் திமிங்கிலங்களை இங்கே கரைக்கு இவ்வளவு கிட்டப் பார்க்க முடிவதற்கு அந்த ஆழம் ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தை ஓர் அறைக்குள் எப்படிக் காட்டுவது? இது ஒரு கேள்வி. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் சேதமான 'சகாயிங்' கப்பல் பல பத்தாண்டுகள் துறைமுகத்துக்குள் மூழ்கிக் கிடந்தது. 2018இல் கடற்படை அதை மேலே எடுத்தது. அத்தனை காலம் அதை மூடி வளர்ந்த உயிர்களுக்கு அப்போது என்ன ஆனது? இது இன்னொன்று. 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை 1956இல் சுவாமிமலைக்கு அடியில் நீரில் மூழ்கிப் பார்த்தார்கள். கல்லைப் பற்றிய கேள்வியாகவும் அதை எடுக்கலாம், காத்திருப்பைப் பற்றிய கேள்வியாகவும் எடுக்கலாம்.

மூன்றையும் ஒரே படைப்பில் கேட்க வேண்டாம். குழுவில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து கேள்வி வரும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த முறைக்கு எழுதி வையுங்கள்.

கேள்வியை நூதனசாலையிலுள்ள ஒரு பொருளோடு கட்டினால் இன்னும் நல்லது. நங்கூரமோ பழைய கடல் வரைபடமோ ஏற்கனவே அங்கே இருக்கும். புதிய படைப்பு அதைத் திரும்பிப் பார்க்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே படைப்பைக் கொழும்பில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையிலும் வைக்கலாமே.

3. காலக்கணக்கைக் காற்றிலிருந்து தொடங்குங்கள்

திறப்பு விழா நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுவது அலுவலகப் பழக்கம். இங்கே அது சரிவராது. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று, கடல் குழம்பியிருக்கும். கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்காரர்களும் அப்போது வலையை வாடிக்குள் (கரையிலுள்ள குடிலுக்குள்) ஏற்றிவிடுவார்கள். டிசம்பரில் கலைஞரை அழைத்து வந்தால் மழையைத்தான் வரைவார்.

அதனால் மாரியில் கடதாசி வேலைகளை முடியுங்கள். அழைப்பு, தேர்வு, ஒப்பந்தம் எல்லாம் அதற்குள் அடங்கும். மார்ச்சில் கலைஞர் கரைக்கு வரட்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அடங்கியிருக்கும், கரைவலையும் நடக்கும். செய்யும் வேலையை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம்.

நாட்களைக் குறிக்கும்போது ஊரையும் பாருங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவது குறைவு. அன்று பேச ஆள் கிடைக்கும், ஆனால் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு போங்கள். வெளிச்சம் வைத்து மீன் பிடிப்பவர்கள் நிலாக் காலத்தில் ஓய்வாக இருப்பார்கள். நோன்பு மாதத்தில் யாரிடமும் நீண்ட நேர்காணல் கேட்காதீர்கள்.

4. பணத்தைப் பிரித்துப் போடுதல்

மொத்தத் தொகையைச் சொல்லி "இதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால், வெட்டுப்படுவது கலைஞரின் கூலிதான். பொருள் வாங்கியது, லொறி, வெல்டிங் எல்லாம் போக மிச்சமே அவருக்கு. கலைஞரின் ஊதியத்தை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம் பொருட்கள், செய்கூலி, போக்குவரத்து, பொருத்துதல், வெளிச்சம், விளக்க அட்டை, ஒளிப்பட ஆவணம், காப்புறுதி. பத்தில் ஒரு பங்கு எதிர்பாராத செலவுக்கு.

இதற்குப் பிறகும் இரண்டு செலவுத் தலைப்புகள் வேண்டும். ஒன்று, கடற்கரையில் நேரம் தருபவர்களுக்கான கொடுப்பனவு. இன்னொன்று, திறந்த பிறகான பராமரிப்பு. இவை இல்லாத வரவுசெலவுத் திட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து.

5. அழைப்பும் தேர்வும்

இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டத்தில் பழைய வேலைகளின் படங்களும் ஒரு பக்கக் கடிதமும் மட்டும். அதில் மூன்று பேரைத் தேர்ந்து, அவர்களுக்கு மட்டும் ஒரு தொகை கொடுத்து முழு முன்மொழிவைக் கேளுங்கள். எல்லோரிடமும் இலவசமாக முழு வடிவமைப்புக் கேட்பது தவறு. நல்ல கலைஞர்கள் விலகிப் போவார்கள், விலகாதவர்களும் பழைய வடிவமைப்பையே தூசி தட்டி அனுப்புவார்கள்.

அழைப்பில் அறையின் அளவும் ஈரப்பதக் கணக்கும் கேள்வியும் தொகையும் தெளிவாக இருக்கட்டும். அதை மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவுக்கும் அனுப்புங்கள். சமூக வலைத்தளத்தில் மட்டும் போட்டால் ஏற்கனவே உங்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும்.

தேர்வுக் குழுவில் கடல் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கெளரவத்துக்கு உட்கார்த்தி வைக்கும் ஆளாக இல்லாமல், வாக்குரிமை உள்ளவராக. ஒரு சம்மாட்டியோ (வலைக்குச் சொந்தக்காரர்), சுழியோடியோ, ஓய்வுபெற்ற மாலுமியோ பரவாயில்லை.

6. ஒப்பந்தம்

நான்கு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள். ஆனால் இவை அதில் இருக்க வேண்டும்: எத்தனை தவணையில் பணம், எந்தக் கட்டத்தில் நூதனசாலை வந்து பார்க்கும், எந்த மாற்றத்தை யார் கேட்கலாம், பொருளின் உரிமை யாருக்கு, படத்தை அச்சிடும் உரிமை யாருக்கு. பொருளை வாங்கினால் பதிப்புரிமையும் சேர்ந்து வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கலைஞரின் பெயர் குறிப்பிடப்படும் உரிமையையும், படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் பாதுகாக்கிறது. தபாலட்டை அச்சிடப் போகிறீர்கள் என்றால் அதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

தவணைகளை வேலையின் கட்டங்களோடு கட்டுங்கள். கையெழுத்தில் ஒரு பங்கு, பொருள் வாங்க ஒரு பங்கு, பாதி வேலையில் ஒன்று, பொருத்திய பிறகு ஒன்று, முதல் மாரி கடந்த பிறகு ஒன்று. கடைசிப் பங்கைச் சிறியதாக வையுங்கள். பெரிய தொகையைப் பிடித்து வைத்தால் கலைஞர் கடன் வாங்கித்தான் வேலையை முடிப்பார்.

காலம் முடிந்த பிறகு படைப்பு எங்கே போகும் என்றும் எழுதுங்கள். கலைஞர் யிங்கா ஷோனிபாரே செய்த, போத்தலுக்குள் நிற்கும் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பல் 2010இல் இலண்டன் ட்ரபல்கர் சதுக்கத்து மேடையில் தற்காலிகமாகத்தான் வைக்கப்பட்டது. பிறகு பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் 2012இல் கிறீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வாங்கினார்கள். அங்கே பணம் சேர்ந்தது. நம் ஊரில் சேராது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

7. கரையில் கழிக்கும் காலம்

கலைஞர் குறைந்தது இரண்டு முறை வர வேண்டும், இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள் விட்டு. முதல் வருகையில் எல்லாமே அழகாகத் தெரியும், படம் எடுத்துத் தள்ளுவார்கள். இரண்டாவது வருகையில்தான் கேள்வி கேட்பார்கள்.

கரைவலைக்கு அழைத்துப் போவதென்றால் முதல் நாளே சம்மாட்டியிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். விடியுமுன் போய், வலை வளைக்கும் நேரத்திலிருந்து நிற்க வேண்டும். மீன் சேரும் பையான மடி கரையேறும் கடைசிக் கால்மணி நேரத்துக்கு மட்டும் வந்து படம் எடுப்பவர்களை அங்கே யாரும் மதிப்பதில்லை. வலை இழுக்கும்போது குறுக்கே நிற்கக்கூடாது, கயிற்றைத் தாண்டக்கூடாது. இதைக் கலைஞருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்றைக்கு உள்ளதைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கரைகளில் வலையை இழுக்க ட்ரக்டர் வின்ச் வந்துவிட்டது. தோளோடு தோள் நின்று அம்பாப் பாட்டோடு வலை இழுக்கும் காட்சியை மட்டும் தேடினால், கண்முன்னே உள்ள கரை தெரியாமல் போகும். வின்ச்சைப் பற்றிக் கரையிலேயே பெரிய சண்டை இருக்கிறது. நல்ல கலைஞருக்கு அதுவே போதும்.

நேரம் தருபவர்களுக்கு அன்றன்றே கூலி கொடுங்கள், ஒரு நாள் தொழிலுக்குச் சமமாக. அம்பாப் பாட்டை ஒலிப்பதிவு செய்தால் யார் பாடியது, எங்கே பயன்படும், எவ்வளவு காலத்துக்கு என்று தமிழில் எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லில் வாங்கிய சம்மதம், பாட்டு அறையில் ஒலிக்கத் தொடங்கியதும் சண்டையாக மாறும்.

8. பொருட்கள்: உப்பை முதலில் எடுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

கடலிலிருந்து வந்த எதையும் அப்படியே அறைக்குள் கொண்டுவரக் கூடாது. பழைய வள்ளத்துப் பலகைக்குள் உப்பு ஊறியிருக்கும். காயும்போது அந்த உப்பு பளிங்காகி நாரைப் பிளக்கும், ஈரம் ஏறும்போது மறுபடி கரையும். மாரியும் கோடையும் மாறி மாறி வர, சில வருடத்தில் பலகை பொடியும். அதில் இருக்கும் இரும்பு ஆணியின் நிலை இன்னும் மோசம். வெயிலில் போட்டு "காய்ந்துவிட்டது" என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. வெயில் தண்ணீரைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது.

சரியான வழி: நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, வாரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீரை மாற்றுங்கள். உப்பின் அளவைக் காட்டும் சோதனைத் தாளால் பாருங்கள். வெளியேறும் தண்ணீரில் உப்பு குறைந்து, நீங்கள் ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு வரும்வரை தொடருங்கள். தடித்த பலகைக்கு மாதக்கணக்கில் ஆகும். பிறகு நிழலில், மெதுவாக உலர்த்துங்கள். காலக்கணக்கில் இதற்கு இடம் விடாதவர்கள் உப்போடேயே பலகையைச் சுவரில் ஏற்றிவிடுகிறார்கள்.

வலை, தென்னங்கயிறு, ஓலை போன்றவற்றில் பூச்சி வரும். மீன் செதிலும் கொழுப்பும் ஒட்டியிருந்தால் வண்டுக்கு விருந்து. கழுவி உலர்த்தி, காற்றுப் புகாமல் பொலித்தீனில் சுற்றி, சுழியத்துக்குக் கீழே 20 பாகை குளிரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். ஏற்றுமதி மீன் வைக்கும் உறைகுளிர் அறை உள்ளவரிடம் இடம் கேட்டுப் பாருங்கள். வெறும் ஐஸ் பெட்டி போதாது.

புதிய உலோகம் வாங்கும்போது 'துருப்பிடிக்காத உருக்கு' என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் 304 என்ற தரத்தைத் தருவார். கடல் காற்றில் அதிலும் துருப்புள்ளி வரும். 316 என்று கேட்டு, பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். ஆணி, திருகு, கம்பி எல்லாம் அதே தரத்தில் இருக்கட்டும். வேறு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றதை அரிக்கும்.

சிப்பி, சங்கை மூடிய மரப்பெட்டியில் வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி அவற்றின் மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். புதிய பலகையும் மலிவான அட்டைப்பெட்டியும் இதைச் செய்யும்.

தொடவே கூடாதவையும் உண்டு. பவளப்பாறைத் துண்டு, ஆமையோடு, திமிங்கில எலும்பு எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கியதாக இருந்தாலும் "கிடந்ததை எடுத்தேன்" என்பது பதிலாகாது. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு கல்லையும் எடுக்க முடியாது. கலைஞருக்கு இதை ஒப்பந்த நாளிலேயே சொல்லுங்கள். வெளியூர்க் கலைஞர்கள் முதலில் கேட்பது பவளம்தான்.

9. பாதியில் போய்ப் பாருங்கள்

ஒப்பந்தத்தில் எழுதிய இடைப்பார்வை நாளில் கடல் தெரிந்தவரையும் கூட்டிப் போங்கள். நான்காம் ஜோர்ஜ் மன்னருக்காக ஆங்கில ஓவியர் டர்னர் 1820களில் ட்ரபல்கர் கடற்போரை வரைந்தபோது, போரின் வெவ்வேறு நேரத்துச் சம்பவங்களை ஒரே படத்துக்குள் சேர்த்தார். கடற்படைக்காரர்கள் குறை சொல்லித் தீர்த்தார்கள். 1829இல் அரண்மனையிலிருந்து கிறீனிச்சுக்குப் போய்விட்டது அந்தப் படம். இன்று அது அங்கே பெரிய பொக்கிஷம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். தகவல் பிழையையும் கலைஞரின் தெரிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கரைவலையின் மடி எந்தப் பக்கம் இருக்கும் என்பது தகவல். அதை இப்போது சொல்லுங்கள், திறப்பு விழாவில் சம்மாட்டி சொல்லிக் கேட்பதை விட நல்லது. கடலைச் சிவப்பாகப் பூசியது தெரிவு. அதில் வாய் வைக்க வேண்டாம்.

10. பொருத்துதல்

பழைய சுவரின் சுண்ணாம்புச் சாந்தில் ஈரமும் உப்பும் இருக்கும். படைப்பைச் சுவரோடு ஒட்ட வைத்தால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். காற்று போய்வர இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள்.

ஏசி போட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் பலர். பகலில் போட்டு மாலையில் நிறுத்தினால், இரவில் ஈரக் காற்று குளிர்ந்த பரப்பில் பட்டு வியர்க்கும். நாள்தோறும் ஏறி இறங்கும் ஈரப்பதம், சற்று அதிகமாக இருந்தாலும் நிலையாக இருப்பதை விடக் கெடுதல். ஏசியை இரவும் பகலும் ஓட்ட முடியாவிட்டால் மின்விசிறியும் திறந்த மேல்சாளரமும் போதும், அதற்கேற்ற பொருளில் செய்யுங்கள். ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேலே தொடர்ந்து நிற்கும் அறையில் கடதாசி ஓவியம் கேட்காதீர்கள்.

ஒலி, ஒளிப் படைப்பு என்றால் மின்சாரம் போய் வந்ததும் தானாகத் தொடங்கும் கருவி வேண்டும். அலுவலர் ஏணி வைத்து ஏறிப் பொத்தானை அழுத்த வேண்டிய படைப்பு, ஒரு மாதத்தில் நிரந்தரமாக அணைந்திருக்கும்.

11. விளக்க அட்டை

மூன்று மொழியில் வேண்டும். தமிழில் எழுதுபவருக்கும் சிங்களத்தில் எழுதுபவருக்கும் படைப்பை நேரில் காட்டுங்கள். எழுபது சொல் போதும். கலைஞரின் பெயர், ஆண்டு, பொருட்கள், உதவிய கரையின் பெயர், பாடியவர்கள் சம்மதித்திருந்தால் அவர்கள் பெயர். நன்கொடையாளரின் சின்னம் கலைஞரின் பெயரை விடச் சிறியதாக இருக்கட்டும். இதற்கும் சண்டை வரும், ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

12. திறந்த பிறகு

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மாலை, கரையில் நேரம் தந்தவர்களைக் குடும்பத்தோடு அழைத்துக் காட்டுங்கள். விழா நாளில் பிரமுகர்களுக்குப் பின்னால் நிற்க அவர்கள் வர மாட்டார்கள்.

கலைஞரிடமிருந்து ஒரு பக்கப் பராமரிப்புக் குறிப்பு வாங்குங்கள்: எந்தப் பெயின்ட், எந்தப் பசை, எதால் துடைப்பது, எதால் துடைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைக்கும் நல்ல மனசுக்காரர் எல்லா நூதனசாலையிலும் ஒருவர் இருப்பார். குறிப்பை அவர் கையிலேயே கொடுங்கள்.

முதல் மாரி முடியும்வரை வாரம் ஒருமுறை படைப்பின் பின்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்து, அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். வெள்ளைப் பூப்பு, துருப்புள்ளி, மரத்தூள் ஆகிய மூன்றையும் தேடுங்கள். எதையாவது கண்டால் முதலில் கலைஞருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், பிறகு துடையுங்கள். கடைசித் தவணையை இந்த முதல் மாரிப் பார்வைக்குப் பிறகு கொடுப்பதென்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அவரும் தொலைபேசியை எடுப்பார்.